பிர்சிக்கின் பழுதறியும் முறையும் தொடுதிரை மோட்டார் சைக்கிளும்

‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் எம். பிர்சிக் (1928–2017) எழுதி 1974-ல் வெளிவந்த நூல். 1968-ல் பிர்சிக் தன் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, மின்னியாபொலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ஹோண்டா சூப்பர் ஹாக் வண்டியில் சென்ற பயணம் இந்நூலின் அடிப்படை. பயணக் கதை, தத்துவ விசாரணை, வண்டிப் பராமரிப்பு ஆகிய மூன்றும் இதில் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன. இந்நூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் தத்துவப் பகுதியையே சுற்றி வருகிறது. வண்டியில் பழுது வந்தால் அதை எப்படிக் கண்டறிவது என்று நூல் கற்பிக்கும் முறையும் அதே அளவு கவனத்துக்கு உரியது.

பிர்சிக் ஓட்டிய வண்டியில் கார்புரேட்டர், செயின், பேட்டரி, ஹார்ன் இருந்தன. இன்றைய நெடும்பயண மோட்டார் சைக்கிளில் தொடுதிரை, வழிகாட்டி வரைபடம், புளூடூத், ஒலிபெருக்கி ஆகியவை இருக்கின்றன. அந்தத் திரை நடுவழியில் இருண்டுவிட்டால் பிர்சிக்கின் முறை உதவுமா, உதவினால் எதுவரை உதவும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூல் சொல்லும் முறை

நூலின் 9-ஆம் அத்தியாயம் பழுதறிதலை அறிவியல் முறையாக விளக்குகிறது. முதலில் சிக்கலை எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்து அதற்கான கருதுகோள்கள், ஒவ்வொன்றையும் சோதிக்கும் பரிசோதனை, எதிர்பார்க்கும் விளைவு, கண்ட விளைவு, முடிவு என்று 6 படிகள் வரும்.

இவற்றில் முதற்படியைப் பற்றி பிர்சிக் சொல்வது மிக முக்கியமானது. உறுதியாகத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் அங்கே இடம்பெறக்கூடாது. மின்சாரப் பகுதியில்தான் கோளாறு என்று உறுதியாகத் தெரியாதபோது, ‘மின்சாரப் பகுதியில் என்ன கோளாறு’ என்று கேள்வியைத் தொடங்குவது தவறு. ‘வண்டியில் என்ன கோளாறு’ என்பதே கேள்வியாக இருக்க வேண்டும். மின்சாரப் பகுதி என்பது கருதுகோள்களில் ஒன்றாக இரண்டாம் படியில் வரலாம். எளிமையாகத் தோன்றும் இந்த அடக்கம்தான் முறை முழுவதற்கும் அடித்தளம்.

வண்டி மாறிய விதம்

1975-ல் அறிமுகமான ஹோண்டா கோல்ட் விங்கில் முன்புறக் காற்றுத்தடுப்பும் இல்லை, வானொலியும் இல்லை. 1980-ல் இன்டர்ஸ்டேட் மாடல் காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் பொருத்தப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வந்தது. 2014 மாடல் ஆண்டில் ஹார்லி-டேவிட்சன் தன் நெடும்பயண வண்டிகளில் தொடுதிரையுடன் கூடிய ‘பூம் பாக்ஸ்’ அமைப்பைக் கொண்டுவந்தது. 2018 கோல்ட் விங், ஆப்பிள் கார்பிளே இடம்பெற்ற முதல் மோட்டார் சைக்கிள் ஆயிற்று.

நூலின் தொடக்கத்தில் பிர்சிக் ஓர் ஒப்பீடு செய்கிறார். காரில் செல்பவருக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குள் தெரியும் உலகம் தொலைக்காட்சி போன்றது. மோட்டார் சைக்கிளில் அந்தச் சட்டம் இல்லை, செல்பவர் காட்சிக்குள்ளேயே இருக்கிறார். அவர் நீங்கிவிட்டதாக மகிழ்ந்த சட்டம் இன்று ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒளிரும் திரையாகத் திரும்பி வந்திருக்கிறது.

உலகைப் பார்க்கும் விதத்தை இரண்டாகப் பிரிக்கிறார் பிர்சிக். ஒன்று தோற்றத்தில் நிறைவு காண்பது; மற்றொன்று உள்ளே இருக்கும் அமைப்பைத் தேடுவது. உடன் பயணம் செய்யும் ஜான் முதல் வகையினர். அவருடைய பி.எம்.டபிள்யூ வண்டி ஓடினால் போதும், எப்படி ஓடுகிறது என்று அறிய அவருக்கு விருப்பமில்லை. தொடுதிரை ஜான் போன்றவர்களுக்காகவே செய்த கருவி போல இருக்கிறது. அது தோற்றத்தை மட்டுமே காட்டுகிறது. பழுதாகும்போதும் ஒரு கறுப்புத் தோற்றத்தைத்தான் காட்டுகிறது. பிர்சிக்கின் முறைக்கு உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஓடிக்கொண்டிருக்கும்போது திரை அணைந்து, சில நொடிகளில் மறுபடி உயிர் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது’ என்பது உரிமையாளர்கள் பலரின் முதற்சொல். பிர்சிக்கின் கணக்கில் இது முதற்படியிலேயே நேர்ந்த பிழை. உறுதியாகத் தெரிந்தது ‘ஓடும்போது திரை அணைகிறது’ என்பது மட்டுமே.

வந்து வந்து மறையும் பழுதுகளைப் பற்றி 26-ஆம் அத்தியாயம் பேசுகிறது. பழுது எந்தச் சூழ்நிலையோடு சேர்ந்து வருகிறது என்று கவனிப்பதே வழி. மேடுபள்ளத்தில் வருகிறதா, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வருகிறதா, கடும் வெயிலில் வருகிறதா, ஸ்டார்ட் செய்யும் கணத்தில் வருகிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்பிலிருந்தே கருதுகோள்கள் பிறக்கும்.

முதற் கருதுகோள் பேட்டரி. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். இஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது டெர்மினல்களில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஓய்வில் சரியான அளவைக் காட்டும் நலிந்த பேட்டரி, ஸ்டார்ட்டர் சுழலும்போது சரிந்து விழலாம். ஆகவே ஓய்வில் மட்டும் அளந்துவிட்டு ‘பேட்டரி நல்லது’ என்று முடிவு செய்வது முழுமையான பரிசோதனை ஆகாது. கருதுகோள் எதை முன்னறிவிக்கிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். டெர்மினல் போல்ட்டும் எர்த் ஒயரும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

இரண்டாவது கருதுகோள் ஒயர். ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடில் திரை இருக்கும் காற்றுத்தடுப்பு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒயர்க்கட்டு வளைந்து நிமிர்கிறது. ரோட் கிளைடிலும் கோல்ட் விங்கிலும் காற்றுத்தடுப்பு சட்டகத்தோடு அசையாமல் நிற்கிறது. எனவே ஸ்ட்ரீட் கிளைடில் வண்டியை நிறுத்தி, சாவியைப் போட்டு, ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது பொருளுள்ள பரிசோதனை. திரை கண்சிமிட்டினால் அந்த வளைவிலுள்ள ஒயரையும் கனெக்டரையும் முதலில் பார்க்க வேண்டும். இதே பரிசோதனையை ரோட் கிளைடில் செய்து, ஒன்றும் நிகழாததால் எல்லா ஒயர்களும் நல்லவை என்று முடிவு கட்டுவது பிழை.

கைபேசி இணைப்பு மட்டும் அறுபடுகிறது என்றால் கேபிளை மாற்றிப் பார்ப்பது ஒரு பரிசோதனை, வேறு கைபேசியை இணைத்துப் பார்ப்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இணைப்பு சரியாகலாம், ஆனால் காரணம் தெரியாமலே போகும். இவ்வளவும் முடிந்த பிறகே சாஃப்ட்வேர் என்ற கருதுகோளுக்கு முறை வருகிறது. புதுப்பிப்பு ஏற்றும்போது நடுவில் மின்சாரம் நின்றால் கருவியே முடங்கக்கூடும். அதனால் பேட்டரியை முதலில் சோதிப்பது இங்கேயும் பயன்படுகிறது.

பெட்ரோல் தீர்ந்த வண்டி

நூலில் பிர்சிக் தன் பழைய பயணம் ஒன்றைச் சொல்கிறார். மழையில் வண்டி நின்றுவிடுகிறது. பல இடங்களைச் சோதித்தும் காரணம் தெரியாமல் பயணத்தைக் கைவிட்டு வீடு திரும்புகிறார். 2 வாரம் கழித்து, கழற்றிய கார்புரேட்டரைக் கழுவக் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்க முயலும்போதுதான் டேங்க் காலியாக இருப்பது தெரிகிறது.

இந்தக் கதைக்குத் திரை யுகத்திலும் இணை உண்டு. 2018 கோல்ட் விங்கில் ஹெட்செட் இணைக்கப்பட்டால்தான் கார்பிளே இயங்கும். இதை அறியாதவர் கேபிளை மாற்றுவார், கைபேசியை மாற்றுவார், திரையையே சந்தேகிப்பார். கருவியில் பழுதே இல்லை. நிபந்தனை ஒன்று நிறைவேறவில்லை. காலி டேங்கைக் காண உதவிய அதே கேள்விதான் இங்கும் தேவை: இது இயங்குவதற்கு என்னென்ன இருக்க வேண்டும், அவை எல்லாம் இருக்கின்றனவா?

குரங்குப் பொறி

26-ஆம் அத்தியாயத்தின் மையம் ஊக்கத்தைப் பறிக்கும் பொறிகள் பற்றியது. அவற்றில் முக்கியமான ஒன்றை விளக்க, தென்னிந்தியக் குரங்குப் பொறியை பிர்சிக் எடுத்தாள்கிறார். தேங்காயில் சிறு துளையிட்டு உள்ளே அரிசி வைத்திருப்பார்கள். கையை விட்ட குரங்கு அரிசியைப் பற்றிக்கொண்டால் மூடிய கை வெளியே வராது. அரிசியை விட்டால் விடுதலை, ஆனால் குரங்கு விடாது. குரங்கைப் பிடித்து வைப்பது, அரிசியின் மதிப்பைப் பற்றி அது கொண்டிருக்கும் மாறாத எண்ணம்.

‘புதிய கருவி என்றால் புதிய வகைக் கோளாறாகத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கை இன்றைய வண்டிக்காரரின் கையிலுள்ள அரிசி. அதை விடாமல் புதுப்பிப்புக்கு மேல் புதுப்பிப்பாக ஏற்றிக்கொண்டிருப்பவருக்குத் தளர்ந்த எர்த் ஒயர் கண்ணில் படாது. நூலின் வலிமை மிக அதிகமாக வெளிப்படும் இடம் இது. கருவி மாறினாலும் மனம் சிக்கும் விதம் மாறவில்லை.

நூல் காணாத தடை

ஆயினும் நூலுக்கு ஓர் எல்லை உண்டு. பிர்சிக் சொல்லும் தடைகள் பெரும்பாலும் பழுது பார்ப்பவரின் மனத்துக்குள் இருப்பவை: அவசரம், சலிப்பு, பதற்றம், அகந்தை. தன் வண்டியின் இஞ்சினைக் கெடுத்த மெக்கானிக்குகளை அவர் வருணிக்கும்போதும், பட்டறையில் வானொலி அலற, அக்கறையின்றி வேலை செய்ததே குற்றமாகக் காட்டப்படுகிறது. உண்மைக் காரணம் எண்ணெய் செல்லும் வழியில் முறிந்திருந்த 25 சென்ட் பெறுமான பின் ஒன்று. பொறுமையாகத் தேடியிருந்தால் யாரும் அதைக் கண்டிருக்கலாம்.

சீல் வைத்த திரைக்கருவிக்குள் பொறுமைசாலியாலும் பார்க்க முடியாது. வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே தகவல் வலையில் பேசிக்கொள்கின்றன. கோளாறுக் குறியீடுகளில் ‘யு’ என்று தொடங்குபவை அந்த வலையில் தொடர்பு அறுந்ததைக் குறிக்கும். சில ஹார்லி மாடல்களில் உரிமையாளரே குறியீடுகளை வண்டியின் காட்சியில் படிக்கலாம். அதற்கு மேல் செல்ல நிறுவனத்தின் கருவியும் அனுமதியும் தேவைப்படுகின்றன. சர்வீஸ் சென்டரில் ‘யூனிட்டை மாற்றிவிடுவோம்’ என்று சொல்லும் மெக்கானிக் அக்கறையற்றவர் என்று எளிதில் தீர்ப்பளிக்க இயலாது. மூன்றாம் படியாகிய பரிசோதனையைச் செய்யும் வாய்ப்பு அவருக்கே இல்லாமலிருக்கலாம்.

சட்டமும் இதில் பங்கேற்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருள் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்கிறது. 2015-ல் வாகனங்களைப் பழுது பார்ப்பதற்கு விலக்கு அளிக்கப்பட்டபோதும், பொழுதுபோக்கு அமைப்புகளுக்கான மென்பொருள் அந்த விலக்கில் சேரவில்லை. 2018-ல் அந்த வரம்பு பெருமளவு தளர்த்தப்பட்டது. ஆனால் பூட்டைத் திறக்கும் உரிமை, திறக்கும் கருவியைத் தந்துவிடவில்லை. 2022-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், வெளியார் பாகங்களைப் பயன்படுத்தினால் உத்தரவாதம் போய்விடும் என்ற பொருள்படும் நிபந்தனைகளுக்காக ஹார்லி-டேவிட்சன் மீது நடவடிக்கை எடுத்தது. தன் பொருளைத் தானே அறியும் உரிமை இன்று மன உறுதியால் மட்டும் கிடைப்பதில்லை என்பதை இவை காட்டுகின்றன.

மதிப்பீடு

24-ஆம் அத்தியாயத்தில், தலை தேய்ந்து கழலாமல் நிற்கும் ஒரு திருகாணி வருகிறது. அது கழலாதவரை அதன் மதிப்பு வண்டி முழுவதன் மதிப்புக்குச் சமம் என்கிறார் பிர்சிக். அந்த நிலையில் புதிதாகச் சிந்திக்கத் தொடங்குவதே அவர் காட்டும் வழி. இன்றைய சிக்கல், கழற்றுவதற்கான திருகாணியே வைக்கப்படாத கருவி. அதன் எதிரே தனி மனிதரின் சிந்தனையோடு கூட்டு முயற்சியும் வேண்டும்: பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டம், வெளிப்படையான கையேடு, பொதுவில் கிடைக்கும் கருவி. நூலில் இவற்றுக்கு இடமில்லை. அது எழுதப்பட்ட காலத்து மோட்டார் சைக்கிளுக்கு இவை தேவைப்படவும் இல்லை.

இந்தக் குறையால் நூலின் பயன் அற்றுப்போவதில்லை. பேட்டரி, எர்த், கனெக்டர், கேபிள் என்று கண்ணுக்கும் மல்டிமீட்டருக்கும் எட்டும் எல்லை வரை பிர்சிக்கின் 6 படிகள் இன்றும் அப்படியே பொருந்துகின்றன. அந்த எல்லையை எட்டுமுன்பே பலர் நின்றுவிடுகிறார்கள் என்பதால் முறையைக் கற்பது வீணாகாது. முறைப்படி எல்லாவற்றையும் சோதித்து, எழுதி வைத்த குறிப்போடு சர்வீஸ் சென்டருக்குச் செல்பவரிடம் காரணமின்றி விலையுயர்ந்த கருவியைத் தலையில் கட்டுவது கடினம். எங்கே தன் அறியாமை முடிகிறது, எங்கே பிறர் போட்ட பூட்டு தொடங்குகிறது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். பிர்சிக்கைப் படிக்கும் இன்றைய மாணவருக்கு நூல் தரும் உறுதியான பயன் இதுவே.