காரகமும் வேற்றுமையும்

வடமொழி இலக்கணத்தில் வரும் 'காரகம்' என்னும் சொல்லுக்கு 'வேற்றுமை' எனப் பொருள் எழுதிச் செல்வார் பலர். அது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

'செய்' எனப் பொருள்படும் வேரினின்று பிறந்தது காரகம் என்னும் சொல். ஒரு வினை நிகழ்வதற்குத் துணை நிற்பதே காரகம். கர்த்தா, கருமம், கரணம், சம்பிரதானம், அபாதானம், அதிகரணம் எனக் காரகம் ஆறே என்றார் பாணினி. விபக்தி எனப்படும் உருபு வரிசைகளோ ஏழு. இரண்டும் ஒன்றாயின் எண் வேறுபடுவானேன்? 'அரசனது ஆள்' என்னுமிடத்து இரு பெயர்களுக்கிடையே உள்ள கிழமைதான் தோன்றுகிறது, வினையோடு தொடர்பில்லை. ஆகவே ஆறாம் வேற்றுமைப் பொருளாகிய கிழமை காரகம் ஆகாது.

'தச்சன் மரத்தைச் செதுக்கினான்', 'மரம் தச்சனால் செதுக்கப்பட்டது' என்னும் இரண்டிலும் மரம் கருமமே; மாறியது வேற்றுமை மட்டுமே. 'பால் குடித்தான்' என்பதில் உருபே வெளிப்படவில்லை; ஆயினும் பால் கருமமே. இவ்வேறுபாட்டை மறந்தால், எழுவாயெல்லாம் செய்பவனே என்று மாணவர் மயங்க நேரும்.

இனி, காரகம் என்பது உலகத்துப் பொருளின் இயல்பே எனக் கொள்வதும் பிழையாம். அரிவாள் ஒரு கருவி. எனினும் 'இந்த அரிவாள் நன்றாக வெட்டும்' என்பது வழக்கு. அங்கே அரிவாளே கர்த்தா. சொல்லுவோன் எதனை எவ்வாறு கூறக் கருதினான் என்பதே காரகத்தை வரையறுக்கும் என்பது வடநூலார் கொள்கை.

தமிழ் நூலாரும் இவ்விரண்டையும் ஒன்றாக்கினாரல்லர். தொல்காப்பியர் உருபுகளை வேற்றுமையியலில் கூறி, தொழில்முதனிலை எட்டினை வேற்றுமை மயங்கியலில் தனியே எண்ணினார். வடமொழியில் அதிகரணம் ஒன்றனுள் அடங்கும் நிலமும் காலமும் அங்கே தனித்தனி நிற்கின்றன. வினையும் பயனும் எண்ணப்படுகின்றன. நீங்குதலைக் குறிக்கும் அபாதானம் அவ்வெட்டனுள் இல்லை. ஆதலின், இஃது ஆறு காரகங்களின் வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கிவிடுதலும் முறையன்று. 11-ஆம் நூற்றாண்டில் வடநூல் நெறி தழுவி வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரரும், வேற்றுமைப் படலம், உபகாரகப் படலம் என இரண்டாகவே வகுத்தார்.

எனவே, காரகத்தை வேற்றுமை என்றல் வேண்டா. தமிழில் ஒரு பெயர் வேண்டுமெனின், தொழில்முதனிலை என்பதே அதற்கு நெருங்கி நிற்பது. எண்ணிலும் வகையிலும் அவை வேறுபடுதலை உடன் சுட்டினால் போதும்.