எரிகோ வீதியும் எமது வீதியும்

நல்ல சமாரியன் கதையைக் கேட்டிராத ஆசிரியரோ மாணவரோ நம்மிடையே இரார். லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் வரும் அந்தச் சிறிய கதை, மிஷன் பாடசாலைகளின் வழியே சமய எல்லையைக் கடந்து, சைவப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் நீதிக்கதையாக வந்தடைந்தது. வந்தடைந்த விதந்தான் கோளாறு. துன்புற்றவனுக்கு உதவ வேண்டும் என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, கதையை நாம் தொலைத்துவிட்டோம். கிறித்தவர் போற்றும் நற்கிரியையை ஏற்பதா மறுப்பதா என்று முற்போக்காளர் நடத்தும் விவாதங்களும் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியைப் பற்றியனவே. ஆகவே முதலிற் கதையைப் படிப்போம்.

நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம் தனக்கு அயலான் யார் என்று கேட்கிறான். அக்கேள்வியில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. அயலானுக்கு எல்லை வகுத்துவிட்டால் கடமைக்கும் எல்லை வகுத்தாயிற்று. பதிலாக அவனுக்குக் கிடைப்பது கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டு, உடை பறிபோய், குற்றுயிராய்க் கிடக்கிறான். அவன் இன்ன இனத்தவன் என்று கதை சொல்லவில்லை. உடையும் இல்லை, பேச்சும் இல்லை. ஆகவே அடையாளமும் இல்லை. (இந்த நுட்பத்துக்கு ஈடாகச் சொல்லக்கூடிய இடங்கள் நம் சிறுகதைகளில் எத்தனை?) ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியனும் விலகிப் போகிறான். சமாரியன் நிற்கிறான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டுகிறான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான். காசு கொடுத்து, மிகுதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான்.

சமாரியர் என்றால் அன்றைய யூதர் அருவருத்து ஒதுக்கிய மக்கள். கதை முடிந்ததும் இம்மூவரில் யார் அயலானானான் என்று இயேசு கேட்க, இரக்கம் காட்டியவனே என்கிறான் சாஸ்திரி. சமாரியன் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை! உண்மையை ஒப்புக்கொள்ளும் அவன், அந்த இனப்பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறான். இக்கதையின் கலைச்சிகரம் இதுவென்றே நாம் கொள்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுப் பிரசங்கத்தில் சமாரியன் என்ற சொல் நல்லவன் என்பதற்கு மறுபெயராகிவிட்டதால், அந்த விழுங்கல் நம் காதில் விழுவதில்லை.

அதனை மீண்டும் கேட்க விரும்புவோர் மட்டக்களப்புக்கு வர வேண்டும். நகரிலிருந்து கல்முனை வீதியில் ஐந்தாறு கிலோமீற்றர் தெற்கே போனால் காத்தான்குடி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டோடு வீடு நெருங்கிய முஸ்லிம் ஊர். நெசவுக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்றது. அதன் இருமருங்கும் தமிழர் ஊர்கள். இவ்வீதியில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால், கதையின் சமாரியன் எந்த ஊரவனாக இருப்பான் என்பது கேட்பவன் எந்த ஊரவன் என்பதைப் பொறுத்தது.

இப்பிரதேசத்தில் நற்கிரியையின் வரலாறு நீண்டது. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தனியராக மட்டக்களப்புக்கு வந்தார். கடற்பயணத்தில் மனைவியை இழந்தவர்; ஓராண்டும் முடியுமுன் தாமும் இறந்தார்; அதற்குள் பாடசாலைகளைத் தொடக்கிவைத்திருந்தார். புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தோன்றியது. சுவாமி விபுலாநந்தர் அங்கே பயின்றவர் என்பதை நினைவிற் கொண்டால், மிஷன் கல்வி மதமாற்றத்துக்கான தூண்டிலேயன்றி வேறில்லை என்ற வாய்பாடு எத்துணை வறியது என்பது விளங்கும். எனினும் மறுபக்கமும் உண்டு. அக்கல்வி ஏகாதிபத்தியத்தின் நிழலில் வளர்ந்தது. ஆங்கிலம் அறிந்த உத்தியோகத்தரை ஆக்கியது. வயலிலும் வாவியிலும் உழைத்தவன் பிள்ளையை அது நெடுங்காலம் வாசலிலேயே நிறுத்தியது. தருமம் செய்பவன் மேலேயும் பெறுபவன் கீழேயும் இருக்கும் ஏற்பாட்டை நற்கிரியை தானாகக் குலைப்பதில்லை. நம் தரப்பின் இந்தக் கண்டனம் சரியானதே. ஆனால் 1990இல் நிகழ்ந்தவை அதற்குள் அடங்குவன அல்ல.

அவ்வாண்டு ஓகஸ்ட் 3, வெள்ளி இரவு. காத்தான்குடியின் மீரா ஜும்மா பள்ளிவாசலிலும் ஹுசைனியா பள்ளிவாசலிலும் இஷா தொழுகையில் நின்றவர்கள் பின்னாலிருந்து சுடப்பட்டார்கள். இறந்தோர் 103 என்றும் 147 என்றும் கணக்குகள் உண்டு. சிறுவரும் அவர்களுள் அடங்குவர். செய்தவர்கள் விடுதலைப் புலிகள் என்பது தப்பியோர் சாட்சியம், புலிகள் மறுத்தனர். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். தமிழர் மீது பழிவாங்கல்களும் நிகழ்ந்தன. செப்ரெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதிமுகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 தமிழர் திரும்பவில்லை. 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் 184 பேர் மாண்டனர்.

அந்த ஓகஸ்டில் அவ்வீதியிற் போனவர்களுள் ஒருவர் யூஜின் ஹெபேர். லூயிசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைத் துறவி, மிக்கேல் கல்லூரியில் ஆசிரியர், கூடைப்பந்துப் பயிற்றுநர். வாழைச்சேனைக் கன்னியர்மடத்திலிருந்த சகோதரிகளின் பாதுகாப்புக்காகப் போனவர், 15ஆந் திகதி தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். ஏறாவூர்ப் பகுதியோடு இருவர் சுவடும் முடிகிறது. உடல்கள் கிடைக்கவில்லை. சமாரியன் திரும்பி வருவேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிப்போனான். அவன் வந்து சேர்ந்தானா என்று கதை சொல்லாதது ஏன் என்பதற்கு இவ்வீதி ஒரு விடை வைத்திருக்கிறது.

ஹரி மில்லர் என்ற மற்றொரு துறவியும் 1948இல் வந்தவரே; அவரும் அதே கல்லூரியிற் கற்பித்தவர். கொலைகளும் கடத்தல்களும் பெருகிய காலத்தில் அவர் மட்டக்களப்புச் சமாதானக் குழுவிற் சேர்ந்தார். மகனைத் தேடும் தாய்மார் சொன்ன பெயர்களையும் திகதிகளையும் எழுதிவைத்தார். இராணுவ முகாம்களுக்குப் போய் அவர்கள் எங்கே என்று கேட்டார். தம் இறுதிநாள்களையும் மட்டக்களப்பிலேயே கழித்தார்.

எண்ணெய் வார்ப்பதற்கும் பெயரேடு எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை விமர்சகன் காணாதிருக்கலாகாது. உவமைக் கதையில் கள்வர் முதல் வாக்கியத்தோடு மறைந்துவிடுகிறார்கள். அவர்கள் யார், அவ்வீதி ஏன் அவர்கள் கையில் இருந்தது என்று சமாரியன் விசாரிப்பதில்லை. கதையின் எல்லை அது. குறையென்று சொல்ல மாட்டேன். மார்ட்டின் லூதர் கிங் 1967இல் நியூயோர்க்கில் வியட்நாம் யுத்தத்தைக் கண்டித்துப் பேசியபோது இந்த எல்லையைத் தொட்டார்: வழிப்போக்கர் அடிபடாதவாறு எரிகோ வீதியையே மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. காயங்கட்டும் கையைச் சகல ஆட்சிகளும் பாராட்டும். பெயரேடு எழுதும் கையைப் பாராட்டிய ஆட்சியை நாம் அறியோம். நற்கிரியை அனைத்தையும் சமூகக் கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்து என்று ஒரே கூடையில் இடும் நம் தோழர்கள் மில்லரின் ஏட்டை எங்கே இடுவார்கள்?

நிற்க. தோழர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு, அது கசப்பானது. காத்தான்குடிப் படுகொலையைத் தமிழில் எழுதியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களே. தமிழ்ப் படைப்பாளிகள் பலர் மனிதாபிமானம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினர். ஊர்ப்பெயரும் கொன்றவர் பெயரும் வரவேண்டிய இடத்தில் அந்தச் சாஸ்திரியைப்போல் விழுங்கினர். துப்பாக்கிக்குப் பயந்த காலம் அது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதே அச்சத்தின் நடுவே, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள், யாழ்ப்பாணம், என்ற அமைப்பினர், தம்முள் ஒருவரான ராஜினி திராணகம 1989இல் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னும், இரு தரப்புக் கொலைகளையும் பெயர் சொல்லியே பதிவுசெய்தனர். அவர்களும் ஆசிரியர்களே.

விழுங்கல் ஒரு தரப்புக்கு உரியதன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மாண்டவர்களுள் ஞாயிறுப் பள்ளிச் சிறுவர் பலர். அன்றைய தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியிற் பிறந்தவன். அதன்பின் அவ்வூர்ப்பெயரே வசையாயிற்று. ஆனால் அவன் கூட்டத்தால் முதலில் தாக்கப்பட்டவர்களும் அதே ஊரவர்களே. 2017இல் சூபி வழியினர் அடிபட்டனர், அதிகாரிகளிடம் முறையிட்டனர், கேட்பாரில்லை. வீதியோரம் அடிபட்டுக் கிடந்தவனையும் கள்வனையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழியைத் தமிழர் தரப்பில் எத்தனை பேர் கூசாது பேசினர் என்பதை நாம் கேட்டோம்.

மீரா ஜும்மாவின் சுவரில் துப்பாக்கி ரவை துளைத்த வடுக்களை அவ்வூரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் போய்ப் பார்த்த தமிழ் ஆசிரியர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க இவ்விதழுக்கு வசதியில்லை.

ஆனால் ஒன்று செய்யலாம். காத்தான்குடிப் பாடசாலை ஒன்றிலும் மட்டக்களப்புப் பாடசாலை ஒன்றிலும் ஒரே வாரத்தில் இக்கதையைத் தமிழ்ப் பாடமாக நடத்தட்டும். உவமானம், உவமேயம் என்ற பழைய வினாக்கள் வேண்டாம். இரண்டே வினாக்கள் போதும்: சாஸ்திரி சொல்லாது விட்ட சொல் எது? கதை விசாரியாது விட்டவர்கள் யார்? விடைத்தாள்களை இரு பாடசாலை ஆசிரியரும் மாற்றிக்கொண்டு திருத்தட்டும்.