போடி ஏலத்திரை

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல மையத்தில் வியாபாரியின் கவனம் இரண்டு இடத்தில் இருக்கும்: கையில் மாதிரிக் காய், எதிரே கணினித் திரை. நிறமும் பருமனும் பார்த்து முடித்ததும் விரல் விலைக்குப் போகும். ஸ்பைசஸ் போர்டு இங்கே மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது 2007இல். போடியும் கேரளத்துப் புத்தடியும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் கிளவுட் ஏலம் 2021இல் வந்தது.

இப்படியொரு திரையைக் கட்டுவது லேசுப்பட்ட வேலை அல்ல. லாட் எண், எடை, உச்ச விலை, மிச்ச நேரம் என்று ஒவ்வொரு கட்டமும் தனிக்கணக்கு வைத்துக்கொண்டால், மேலே பழைய விலை நிற்கும், கீழே புது விலை ஓடும். வியாபாரி எதை நம்புவார்?

ஃபேஸ்புக்குக்கும் இதே தலைவலி இருந்தது. படித்து முடித்த செய்தியையும் படிக்காததாக எண்ணிக் காட்டியது. 2014இல் அவர்கள் முன்வைத்த ஃப்ளக்ஸ் முறையில் தகவல் ஒரே திசையில் ஓடும். கட்டங்களுக்குக் காட்டுகிற வேலை மட்டும்தான்.

ஏலத்துக்கு அதோடு சேரவேண்டியது, டேவிட் ஹாரெல் 1987இல் விளக்கிய ஸ்டேட்சார்ட். அழகான ஏற்பாடு அது. லாட் திறக்கும், விலை ஏறும், விற்கும் அல்லது திரும்பும். எந்தெந்த நிலையிலிருந்து எங்கே போகலாம் என்பது முன்கூட்டியே வரைந்த பாதை. ‘விற்றது’ என்றான பிறகு பிந்தி வரும் விலைக்கு அதில் வழியே கிடையாது.