சபுரும் சங்கமும்

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் பேர் விடுபட்டால் பொறு, கூலி குறைந்தால் பொறு என்று தோட்டத்துத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அதனால் பட்டாணியத் தலைவர் கான் அப்துல் கபார் கானின் ‘சபுர்’ என்ற பொறுமையை மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டத்திலிருந்து பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். இதுவும் அடங்கிப் போகச் சொல்லும் உபதேசம்தானா?

அவர் நடத்திக் காட்டியது வேறு. 1929இல் தொடங்கிய குதாய் கித்மத்கார் இயக்கத்தில் சேர்ந்த பட்டாணியர், பழிக்குப் பழி வாங்குவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஊர் ஊராகப் பள்ளி நடத்தினார்கள், அணிவகுப்புப் பழகினார்கள். வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகிறதென்று செந்நிறத்தில் தோய்த்து உடுத்தினார்கள். மக்காவில் நபிகள் நாயகம் துன்பம் தாங்கிய காலமே அவர்களுக்கு முன்மாதிரி. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமில்லாக் கூட்டத்தை ஆங்கிலேயப் படை சுட்டது. அங்கே நின்ற கட்வால் படையினர், சந்திர சிங்கின் பேச்சைக் கேட்டுச் சுட மறுத்தார்கள். பயிற்சி பெற்ற பொறுமைக்கு அவ்வளவு பலம்.

நபிகளின் மதீனாக் காலத்தில் போர் நடந்ததே என்ற மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. தாய்லாந்து முஸ்லிம் அறிஞர் சாய்வத் சாதா ஆனந்த் தரும் விடை எனக்கு ஏற்புடையது. போரிடாதவரைக் கொல்லக்கூடாது என்பது இஸ்லாத்தின் போர்நெறி. இன்றைய ஆயுதங்களால் அந்த நெறியைக் காக்க இயலாது. அநீதியை எதிர்ப்பதோ கடமை. எனவே அறவழிப் போராட்டமே மிஞ்சுகிறது என்கிறார்.

கபார் கான் இயக்கத்தின் குறை அரசியலில் இருந்தது. இந்தியாவா பாகிஸ்தானா என்று கேட்ட 1947 வாக்கெடுப்பை இயக்கத்தார் புறக்கணித்தார்கள். களம் எதிர்த்தரப்புக்குப் போயிற்று. 1948 ஆகஸ்ட் 12 அன்று பாப்ராவில் பாகிஸ்தானின் மாகாண அரசே அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

நம் தோட்டங்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. பி.பி. நாராயணன் முன்னின்று 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பேச்சுவார்த்தையை நம்பியது. மலாயாவின் அவசரகாலத்தில் அது விவேகமான முடிவு. ஆனால் உறுப்பினர்களைப் பழக்கி எழுப்பும் வேலை பின்தங்கியது என்பதே என் கணிப்பு. மாதச் சம்பளக் கோரிக்கை பல பத்தாண்டுகள் இழுபட்டது. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது சிரம்பான், நீலாய் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டிருந்தன.

அறவழி பேசும் நம் அமைப்புகள் காந்தியோடு கபார் கானையும் இளைஞர்களுக்குப் பாடமாக வைக்க வேண்டும். அவர் தந்த பயிற்சியை முதலில் சொல்லுங்கள். அவர் பட்ட தோல்வியையும் மறைக்காமல் சொல்லுங்கள்.