ஆல்தோர்ப் அலமாரியும் ஆலைப் பணமும்

அரிய நூல்களின் கதையை எழுதுவோர் சேகரித்த சீமான்களின் இரசனையைப் போற்றுவதோடு நின்றுவிடுகின்றனர். இரண்டாம் ஸ்பென்ஸர் பிரபுவின் ஆல்தோர்ப் மாளிகை நூல்களை வருணித்த தோமஸ் டிப்டின் இப்போக்கிற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1814இல் வெளிவரத் தொடங்கிய அவரது விவரப் பட்டியல், தாளின் ஓர அகலத்தையும் தோற்கட்டின் மெருகையும் கண்டு உருகுகின்றது. பிரெஞ்சுப் புரட்சியும் நெப்போலியன் போர்களும் 1803இல் ஜெர்மன் மடங்களின் சொத்துப் பறிமுதலும் ஐரோப்பியத் துறவிகளின் நூலறைகளைக் குலைத்தமையாலன்றோ பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுநூல்கள் சந்தைக்கு வந்தன! அந்தக் கொந்தளிப்பிலே டிப்டினின் உள்ளம் அவ்வளவாகத் தோயவில்லை.

1812இல் ரொக்ஸ்பரோ கோமகனின் நூல்கள் ஏலத்துக்கு வந்தன. 1471இல் வெனிஸில் வால்டார்பர் அச்சிட்ட போக்காச்சியோவின் கதைநூலை 2,260 பவுண் கொடுத்து பிளாண்ட்போர்ட் பிரபு வென்றார்; ஸ்பென்ஸர் தோற்றார். டிப்டின் இதைப் போர்க்களக் காவியம்போற் பாடியிருக்கிறார். ஏழாண்டுகளின் பின் பிளாண்ட்போர்டின் நூல்களே ஏலம் போயின. அதே பிரதி 918 பவுணுக்கு விலைப்பட்டு ஸ்பென்ஸரிடம் வந்து சேர்ந்தது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பிரபுக்களின் போட்டிதான் தணிந்திருந்தது.

நில வருமானம் வீழ்ந்த காலத்தில், 1892இல், ஐந்தாம் ஸ்பென்ஸர் பிரபு நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொகுதிகளையும் ஒருசேர விற்றார். ஏறத்தாழ 2,10,000 பவுண் கொடுத்து வாங்கியவர், மான்செஸ்டர் பருத்தி ஆலை அதிபர் ஜோன் ரைலண்ட்ஸின் விதவை என்ரிக்கெற்றா. நிலப்பிரபுவின் செல்வம் ஆலைமுதலாளியின் வீட்டுக்குப் பெயர்ந்ததை இதனினும் தெளிவாகக் காட்டும் பற்றுச்சீட்டு வேறு வேண்டியதில்லை. 1861 வரை லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சிற் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் கைகளில் விளைந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ஆயினும் அந்த அம்மையார் நூல்களை மாளிகையிற் பூட்டி வைக்கவில்லை. கணவர் பெயரில் அவர் எழுப்பிய நூல்நிலையம் 1900இல் வாசகருக்குத் திறக்கப்பட்டது. இது சிறிய செயலன்று.

கைமாற்றம் அத்துடன் ஓயவில்லை. 1972இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்நூல்நிலையம், 1988இல் ஏறத்தாழ நூறு பழைய நூல்களை இலண்டனில் ஏலமிட்டது. அவை இரட்டைப் பிரதிகளாம்! அச்சு ஓடும்போதே எழுத்தைத் திருத்திய காலம் அது. தலைப்பெழுத்தைக் கையால் வரைந்தனர், வாங்கியவர் ஓரத்தில் குறிப்பெழுதினார். அக்காலத்து நூலில் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரு பிரதிகள் காண்பதரிது. அறிஞர் பலர் அப்போதே கண்டித்தனர். ஆனால் ஏலச் சுத்தியல் விழுந்துவிட்டது.