காலைநேர முழுக்கவனப் பயிற்சி: பயனும் பிழையும்

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் முழுக்கவனப் பயிற்சி, பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ள வீடுகளின் காலைப் பதற்றத்துக்கு மருந்தாக இன்று எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. பரிந்துரைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வீடு விழிப்பதற்கு 15 நிமிடம் முன்பே எழுந்து அமைதியாக உட்கார வேண்டும். குழந்தை மீது கோபம் வந்தால், வாய் திறப்பதற்குள் மூன்று முறை மூச்சை ஆழ இழுத்துவிட வேண்டும். காபியை அதன் மணமும் சூடும் உணர்ந்து குடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்ய வேண்டும். குழந்தை கிளம்பும்போது குனிந்து அதன் கண்ணைப் பார்த்து வழியனுப்ப வேண்டும்.

பௌத்தத் தியான மரபிலிருந்து வந்த இந்தப் பயிற்சிக்கு மருத்துவ வடிவம் கொடுத்தவர் ஜான் கபட்-ஜின். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காகப் பல வாரப் பயிற்சி ஒன்றை அவர் தொடங்கினார். அதையே பிள்ளை வளர்ப்புக்குப் பொருத்தி, தம் மனைவி மைலாவுடன் சேர்ந்து 1997இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் சூசன் போகல்ஸ், மனநலச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் பெற்றோருக்கெனத் தனிப் பாடத்திட்டம் வகுத்தார்.

பயன் இல்லை என்று சொல்வதற்கில்லை. கோபம் உச்சத்துக்கு ஏறும் அந்தச் சில நொடிகளில் மூச்சை நிதானமாக வெளியேற்றினால் உடலின் படபடப்பு குறையும். கையை ஓங்கப் போனவர் கையைத் தாழ்த்துவதற்கு அந்த அவகாசம் போதும். 2014இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைப்பதாக 47 சோதனைகளை வைத்து முடிவு கூறியது. செலவும் கிடையாது, கருவியும் தேவையில்லை.

ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தது வேறு பயிற்சியை. கபட்-ஜின்னின் திட்டத்தில் வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் நாள்தோறும் 45 நிமிடப் பயிற்சியும் உண்டு. போகல்ஸின் திட்டமும் ஆசிரியர் முன்னிலையில் வாரக்கணக்கில் நடப்பது. காபிக் கோப்பையை நுகர்வதும் மூன்று முறை மூச்சு விடுவதும் அந்த நீண்ட பயிற்சிகளின் நற்பெயரைக் கடன் வாங்கிக்கொண்டே உலவுகின்றன.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காலை நேரத்து நெருக்கடி பெற்றோரின் மனத்தில் பிறக்கிறது என்று இந்தப் பயிற்சி எடுத்துக்கொள்கிறது. கவனம் சிதறியிருக்கிறது, ஆகவே அதை ஒருமுகப்படுத்தினால் வீடு அமைதியாகிவிடும் என்பதே இதன் தர்க்கம். நகரத்து நடுத்தர வீடு ஒன்றின் சமையலறையைக் காலை ஆறரை மணிக்குப் பார்த்தாலே இந்தத் தர்க்கம் ஆட்டம் காணும். ஓர் அடுப்பில் குக்கர் இருக்கிறது. மூன்றாவது விசிலில் அணைக்க வேண்டும். மறு அடுப்பில் தோசை ஒரு பக்கம் வேகும் நேரத்துக்குள் மகளுக்கு ஒரு ஜடை முடிந்துவிடுகிறது. குளியலறையில் பக்கெட் நிரம்பி வழியும் சத்தத்திலிருந்தே மகன் இன்னும் குளிக்கத் தொடங்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. ஒருவருக்குத் தயிர் சாதம், இன்னொருவருக்கு எலுமிச்சை சாதம். டைரியில் கையெழுத்து, ஐடி கார்டு, பெல்ட், விளையாட்டு வகுப்பு நாளென்றால் வெள்ளை ஷூ. ஏழேகாலுக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்.

இவ்வளவையும் தலைக்குள் ஒருசேர நடத்துபவருக்குக் கவனம் குறைவு என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. பல்லாண்டுப் பழக்கத்தில் தேர்ந்த, மிகக் கூர்மையான கவனம் அது. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்ற அறிவுரையை அங்கே கடைப்பிடித்தால் தோசை கருகும், வேன் போய்விடும். மனித மனம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒருவர் தலையில் வேலை ஏறியிருக்கிறது என்பதுதான் பதற்றத்துக்குக் காரணம்.

அந்த ஒருவர் யார் என்பதைப் ‘பெற்றோர்’ என்ற பொதுச்சொல் மறைத்துவிடுகிறது. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 விழுக்காட்டினர் அன்றாடம் ஊதியமில்லா வீட்டுவேலை செய்கிறார்கள். ஆண்களில் அப்படிச் செய்பவர்கள் 26.1 விழுக்காட்டினர் மட்டுமே. செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது முறையே 289, 88 நிமிடங்கள். ஐந்தாண்டு கழிந்தும் இடைவெளி அசையவில்லை.

இந்த நிலையில் 15 நிமிடம் முன்னதாக எழ வேண்டும் என்ற அறிவுரை யாருடைய தூக்கத்திலிருந்து அந்த நிமிடங்களை எடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஏற்கெனவே ஐந்து மணிக்கு எழுபவர் நாலே முக்காலுக்கு எழ வேண்டும். ஏழு மணிக்கு எழுந்து நாளிதழ் விரிப்பவருக்கு இந்த அறிவுரை போய்ச் சேர்வதே இல்லை. பிள்ளை வளர்ப்பு சார்ந்த முழுக்கவன வகுப்புகளுக்கு வருபவர்களும் பெரும்பாலும் தாய்மார்களே.

இதனால் தாயின் பட்டியலில் இன்னொரு வேலையும் சேர்கிறது. சமைப்பதும் கிளப்பி அனுப்புவதும் போதாமல், அவற்றைச் செய்யும்போது தன் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பாகிறது. முன்பெல்லாம் பிள்ளையிடம் கத்திவிட்டால் கத்திவிட்டோமே என்ற வருத்தம் மட்டும்தான். இப்போது மூச்சுவிட மறந்தோமே என்ற குற்றவுணர்வும் கூடுகிறது. நியாயமான கோபமும் இங்கே திருத்தப்பட வேண்டிய கோளாறாகிவிடுகிறது. தனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேலை என்று கேட்க வேண்டிய வாய், பத்துவரை எண்ணி மூடிக்கொள்கிறது. கேள்வி எழாத வீட்டில் பங்கீடு மாறுவதில்லை. ஆகவே இந்தப் பயிற்சி வெற்றிபெறும் இடங்களில்தான் அதன் தீங்கும் மிகுதி.

இந்தப் பயிற்சி தோன்றிய மரபையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பிச்சையேற்று உண்ணும் பௌத்தத் துறவிக்குச் சமையல் இல்லை, பிள்ளை இல்லை. காலையில் அவர் பாத்திரத்தில் விழும் சோற்றை ஏதோ ஒரு வீட்டில் யாரோ விடியுமுன் எழுந்து சமைத்திருப்பார். துறவியின் அமைதியைச் சாத்தியமாக்கியது அந்த உழைப்பு. அந்த உழைப்பைச் செய்தவரிடமே இன்று துறவியின் அமைதியும் கேட்கப்படுகிறது.

சூழல் மாற நாளாகும், அதுவரை கிடைக்கும் சிறு ஆறுதலை ஏன் தடுக்க வேண்டும் என்று இந்தப் பயிற்சியின் ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். சூழலை மாற்றுவது அவ்வளவு எட்டாத காரியமும் அல்ல. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் வகுப்பைத் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பள்ளியிலேயே கிடைப்பதால், கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்மாருக்கு ஒரு வேளைச் சமையல் மிச்சம். அங்கே சமைப்பவர்களிலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் உண்டு. ஆனால் அந்தச் சமையலுக்கு ஊதியமும் உண்டு. இந்த இரண்டு ஏற்பாடுகளும் யாரையும் தியானம் செய்யச் சொல்லவில்லை. காலையில் இருந்த சுமையில் ஒரு பகுதியை இறக்கி வைத்தன.

அப்போதைய அமெரிக்கத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான நாட்களில் மன அழுத்தம் தாங்க முடியாததாக இருப்பதாகப் பெற்றோரில் 48 விழுக்காட்டினர் கூறியதை எடுத்துக்காட்டியது. ஊதியத்துடன் கூடிய விடுப்பும் கட்டுப்படியாகும் குழந்தைப் பராமரிப்பும் வேண்டும் என்று அது அரசையும் முதலாளிகளையும் கேட்டுக்கொண்டது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. சீருடை, பை, ஷூ, டைரி, வேன் ஆகிய அனைத்தும் தந்தையின் பொறுப்பு என்றாகலாம். நினைவூட்டப்படாமல், கேட்டு வாங்கிச் செய்யாமல், மறந்தால் வரும் பள்ளித் தொலைபேசி அழைப்பையும் அவரே ஏற்கும் முழுப் பொறுப்பாக அது இருக்க வேண்டும். மகனுக்கு வயது பத்தானால் தன் டிபன் பாக்ஸைத் தானே கட்டிக்கொள்ளலாம்.

மூச்சுப் பயிற்சி கோபத்துக்கு நல்ல தடுப்பு. வேலைப் பங்கீட்டுக்கு அது மாற்றாகாது. அதைப் பரிந்துரைப்பவர்கள் ஒரு வீட்டில் முதலில் விசாரிக்க வேண்டியது, அங்கே விடியுமுன் எழுபவர் எத்தனை பேர் என்பதை. ஒருவர்தான் என்றால், அறிவுரை மற்றவர்களுக்குத்தான் தேவை.