கோப்பை எந்தக் கணக்கில் வரும்?

பி.காம். படித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றை ஒருவர் கேட்டுவிட்டார். “சார், கப்பு ஜெயிச்சா அதை எந்தக் கணக்குல எழுதணும்?”

இடம்: புதுச்சேரி, உப்பளம், இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம். நேரம்: காலை ஆறரை. சர்க்கரையைக் குறைக்க வேண்டியவர்கள் ஒரு பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பதினெட்டுப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டவர் அந்தப் பையன்களின் கிளப் செயலாளர். எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். கிளப் பெயரையும் விட்டுவிடுகிறேன். ஊர் லீகில் ஆடும் சின்ன கிளப், அவ்வளவு போதும்.

கையில் ஒரு நீள நோட்டு. செலவுப் பக்கம் நிறைந்து வழிகிறது. பந்து, ஜெர்சி, டோர்னமென்ட் என்ட்ரி ஃபீஸ், வெளியூர் மேட்சுக்கு வேன் வாடகை, முட்டை, வாழைப்பழம், கணுக்காலுக்கு ஸ்பிரே. வரவுப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரே வரிதான் திரும்பத் திரும்ப: ‘அண்ணன் கொடுத்தது’. அடுத்த மாதம், ‘அண்ணன் கொடுத்தது’. தீபாவளிக்கு, ‘அண்ணன் கொடுத்தது (ஸ்பெஷல்)’.

“அண்ணன் யாரு?”

“நம்ம ஏரியாக்காரர்தான் சார். நல்ல மனுஷன். பிசினஸ் படுத்துருச்சு. இந்த வருஷம் கையை விரிச்சுட்டார்.”

அடுத்த சீசனுக்கு டீமைப் பதிவு செய்வதா, வேண்டாமா என்பதுதான் இப்போது பிரச்னை. சென்ற வருடம் ஜெயித்த கப்பு அவர் கடையில், ஸ்விட்ச் போர்டுகளுக்கு நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்துதான் அந்தக் கேள்வி வந்திருக்கிறது.

நான் பதில் சொன்னேன்: “சொத்துக் கணக்குல எழுதலாம். ஆனா வித்தா ஒண்ணும் வராது.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இதைவிடப் பெரிய கப்பை ஜெயித்துவிட்டு இதைவிட மோசமாக விழுந்த ஒரு கிளப் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

2019 மார்ச் 9, உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். அன்று கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு மைதானத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஒரு கோல் பின்தங்கியிருந்து, இரண்டாவது பாதியில் மூன்று கோல் அடித்து வந்த வெற்றி. 43 புள்ளி. இரண்டாம் இடத்தில் ஈஸ்ட் பெங்கால், 42. தமிழ்நாட்டு கிளப் ஒன்று ஐ-லீக் பட்டத்தை வாங்கியது அதுவே முதல் முறை. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். கூடவே நம் ஊர்ப் பையன்கள் பலர் ஆடினார்கள்.

இது ஒரே நாளில் முளைத்த கிளப் அல்ல. 1946-ல் சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஆரம்பித்தது. எழுபது வருடம் ஊர் லீகில் கிடந்து, 2016-17 சீசனில்தான் ஐ-லீகுக்குள் வந்தது. மூன்றாவது சீசனில் சாம்பியன். அதே 2019-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நம் கால்பந்துக்கு விடிந்துவிட்டது என்று எழுதினோம். ‘னோம்’ என்பதில் நானும் சேர்த்தி.

2021-ல், கொடுக்க வேண்டிய நிலுவையைத் தீர்க்கவில்லை என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அந்த கிளப்பை ஐ-லீகிலிருந்து விலக்கியது.

73 வயதில் சாம்பியன். 75 வயதில் லீகுக்கு வெளியே. மைதானத்தில் தோற்றதால் அல்ல, மைதானத்துக்கு வெளியே தோற்றதால்.

அது எப்படி சார், சாம்பியன் கிளப் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பாடத்துக்கு வாருங்கள். ரொம்ப போரடிக்க மாட்டேன்.

ஒரு கால்பந்து கிளப்புக்கு வருமானம் நான்கு வழியில் வரும். டிக்கெட், டி.வி. பணம், விளம்பரதாரர், ஆட்டக்காரரை இன்னொரு கிளப்புக்குக் கொடுத்து வாங்கும் தொகை. இதில் டி.வி. பணத்தைப் பாருங்கள். 2010-ல் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு ஐ.எம்.ஜி-ரிலையன்ஸ் கூட்டணிக்கு விற்றது. அந்தப் பணம் போனது சம்மேளனத்துக்கு, கிளப்புகளுக்கு அல்ல. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. நட்சத்திரங்கள், வாணவேடிக்கை, முதலாளிகள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். 2019-ல் ஐ-லீக் ஜெயித்த கிளப்புக்கு ஐ.எஸ்.எல்-லில் இடம் கிடையாது. அந்தக் கதவு 2022-23 சீசனில்தான் திறந்தது. பத்தாம் வகுப்பில் முதல் மார்க் எடுத்தவனிடம் ‘ப்ளஸ் ஒன் இங்கே இல்லை, திரும்பவும் பத்தாவதே படி’ என்று சொன்னால் எப்படி? அதுதான் நடந்தது. மேலே போக வழியில்லாத கிளப்பின் ஜெர்சியில் எந்த விளம்பரதாரர் பெரிய பணம் போடுவார்?

சரி, டிக்கெட்? பெயரில் சென்னை. 2017-18 சீசனிலிருந்து ஆடியது கோவையில். 2020-ல் ஆசியப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது ‘சொந்த மைதானம்’ என்று ஆடியது அகமதாபாத்தில்! சென்னையில் இருக்கும் ரசிகன் சொந்த ஊர் மேட்சைப் பார்க்க நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.

அப்புறம் மிச்சம் என்ன? முதலாளியின் சட்டைப் பை. உப்பளம் நோட்டில் ‘அண்ணன் கொடுத்தது’ என்று எழுதியிருந்ததே, அதேதான். சைபர்தான் கூடுதல்.

முதலாளிகளைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. கைக்காசு போட்டு கிளப் நடத்துபவர் தப்பான ஆள் அல்ல. என் குறை வேறு. ஒரு கிளப்பின் உயிரை ஒரே ஒரு ஆளின் வியாபாரத்தோடு கட்டிவைத்துவிட்டு, அதைக் கிளப் என்று சொல்கிறோம். பஞ்சாபில் ஜே.சி.டி. மில் 1971-ல் ஆரம்பித்த கிளப், 1996-97-ல் முதல் தேசிய லீகையே ஜெயித்தது. 2011-ல் மூடினார்கள். மும்பையில் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் முடிந்தது. ஹைதராபாத் எஃப்.சி. 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். சாம்பியன். அடுத்த வருடமே சம்பள பாக்கி என்று ஆட்டக்காரர்கள் வெளியேற ஆரம்பித்தார்கள். 2025-ல் அந்த கிளப் பெயர் மாறி டெல்லிக்கே போய்விட்டது. அதே 2025-ல் அந்த 15 வருட ஒப்பந்தம் முடியப் போகிறது, அடுத்து என்ன என்று தெரியாத நிலையில் ஐ.எஸ்.எல். குறித்த காலத்தில் தொடங்கவில்லை. சென்னையின் எஃப்.சி. ஆகஸ்டில் தன் வேலைகளையே தற்காலிகமாக நிறுத்தியது. வாணவேடிக்கைப் பக்கமும் அதே கதைதான், பாருங்கள்.

கணக்குப் பதிவியலில் ஒரு அடிப்படை உண்டு. ஒரு நிறுவனம் அடுத்த வருடமும் நடக்கும் என்று நம்பித்தான் அதன் கணக்கையே எழுதுவார்கள். அந்த நம்பிக்கைக்குச் சந்தேகம் வந்தால் ஆடிட்டர் அதைச் சொல்லியாக வேண்டும். நம் கிளப்புகளில் அதைச் சொல்ல வேண்டியவர் யார்? சம்மேளனம் லைசென்ஸ் விதிகள் வைத்திருக்கிறது. ஆனால் பாக்கி கழுத்துக்கு வந்த பிறகுதான் விசில் ஊதுகிறது. ஃபவுல் நடந்து ஆள் ஸ்ட்ரெச்சரில் போன பிறகு கார்டு காட்டி என்ன பிரயோஜனம்?

‘இது இந்தியாவின் தலையெழுத்து’ என்று பெருமூச்சு விட வேண்டாம். கால்பந்தின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில் பரி என்று ஒரு ஊர். 1885-ல் பிறந்த கிளப், எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை ஜெயித்தது. நம் சென்னை சிட்டி சாம்பியனான அதே 2019-ல் பரியும் மேல் டிவிஷனுக்கு உயர்ந்தது. ஆகஸ்டில் லீகை விட்டே நீக்கப்பட்டது. காரணம், பணம். மைதானம் பூட்டிக் கிடந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நாம் பார்க்க வேண்டியது. ரசிகர்கள் சேர்ந்தார்கள். அரசு உதவியும் வாங்கி 2022-ல் மைதானத்தை மீட்டார்கள். 2023-ல் ஒன்பதாவது படியிலிருந்து, கிராமத்து டீம்களோடு மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். நாடாளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. கிளப்புகளின் கணக்கு வழக்கைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 2025-ல் சட்டமே போட்டார்கள்.

ஃப்ரான்ஸ் கதை ஒன்றும் சொல்கிறேன். ஃப்ரான்ஸ் ஜெயித்தால் இனிப்பு கொடுக்கும் ஊரில் அதைச் சொல்லாவிட்டால் எப்படி? கோர்சிகா தீவில் பாஸ்தியா என்று ஒரு கிளப். 2017-ல் முதல் டிவிஷனில் கடைசியாக வந்தது. போதாக்குறைக்குக் கடன். நேராக ஐந்தாவது டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. 2019-ல் கிளப்பைக் கூட்டுறவு அமைப்பாக மாற்றினார்கள். ரசிகர்கள், ஊழியர்கள், உள்ளூர் நிர்வாகம் எல்லோரும் பங்குதாரர்கள். 2021-ல் இரண்டாவது டிவிஷனுக்குத் திரும்பிவிட்டது.

கூட்டுறவு என்றதும் புருவத்தைத் தூக்காதீர்கள். பாண்லே பாலில் காலைக் காபி குடிக்கிற ஊர் இது. கூட்டுறவு இங்கே புதுசு இல்லை. பாலுக்கு முடிந்தது பந்துக்கு ஏன் முடியாது என்பதுதான் கேள்வி.

முடியும், ஆனால் சுலபமில்லை. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சந்தாவை மட்டும் வைத்து வெளிநாட்டு ஃபார்வர்டு வாங்க முடியாது. பரி மறுபடி பந்தை உதைக்க நான்கு வருடம் ஆனது. ஆனால் உப்பளம் கிளப்புக்குத் தேவை வெளிநாட்டு ஃபார்வர்டு அல்ல. வேன் வாடகை, என்ட்ரி ஃபீஸ், முட்டை. நூறு பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் பத்தாயிரம். அண்ணன் ஒருவர் நொடித்தால் மொத்தமும் போய்விடும். நூறில் பத்துப் பேர் நின்றுபோனாலும் ஒன்பதாயிரம் இருக்கும். இதற்கு பி.காம். வேண்டாம், ஐந்தாம் வகுப்பு போதும்.

இன்னொன்று. 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் பதிவு இல்லாத, ஆடிட் செய்யாத, ஒற்றை நோட்டுக் கிளப்புக்கு அந்தப் பணம் வராது. கேட்கவே தகுதி இல்லை.

இவ்வளவையும் கேலரியில் உட்கார்ந்து செயலாளரிடம் பெருமையாக எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சார், நீங்க ஃபுட்பால் பார்ப்பீங்களா?” என்றார்.

“பார்க்காம? லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி எல்லாம் விடறதில்ல. ராத்திரி ஒண்ணரைக்குக்கூட எழுந்து பார்ப்பேன்.”

“அதுக்குப் பணம் கட்டுறீங்களா சார்?”

“வருஷச் சந்தா.”

“நம்ம பசங்க மேட்ச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் சார். ஃப்ரீ. இதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வந்திருக்கீங்களா?”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் சுருக்கென்றது. சம்மேளனத்தைக் கேட்டேன், முதலாளியைக் கேட்டேன். நாலு மணி மேட்சுக்கு ஒரு நாளும் போகாத என்னை நான் கேட்கவில்லை. நீங்கள் எப்படி? உங்கள் ஊர் மைதானத்தில் ஆடும் டீமின் பெயர் தெரியுமா?

பர்ஸை எடுத்தேன். ஒரு வருடச் சந்தாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்து, வரவுப் பக்கத்தில், ‘சார் கொடுத்தது’ என்று எழுதப் போனார்.

“நிறுத்துங்க” என்றேன். “இன்னொரு அண்ணனா என்னை ஆக்காதீங்க. ரசீது கொடுங்க.”

“ரசீது புக்கே இல்லையே சார்.”

“அப்ப பணமும் இல்ல. அச்சடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம், கொஞ்சம் ஓவராகப் போய்விட்டோமோ என்று உறுத்தியது. எட்டு நாள் போன் இல்லை. ஒன்பதாம் நாள் வந்தது.

“சார், புக்கு அடிச்சாச்சு. உங்களுக்கு எடுத்துவைக்கலாம்னு பார்த்தேன், முடியல. பசங்களே வீடு வீடாப் போயிட்டானுங்க. உங்க நம்பர் நாப்பத்தி மூணு, பரவால்லியா?”